அரைச் சுற்று

இரவு பத்தரைக்கு
நான்கு திருகாணிகளைத் திருப்ப வேண்டும்.
அதற்குத்தான் சம்பளம்.
ஆளுக்கு அரைச் சுற்று, அரை மில்லிமீட்டர்.
முழங்காலுக்குக் கீழே குழாய்க்குள்ளிருந்து
இன்னொரு குழாய் எட்டிப் பார்க்கும்,
நத்தை கொம்பு நீட்டுவதுபோல.
நத்தை உள்ளிழுத்துக்கொள்ளும்.
இது கொள்ளாது.

தார்த்து நகரத்தில் அக்டோபரில் தொடங்கினோம்,
ஆறு இன்னும் ஓடிக்கொண்டிருந்தபோது.
இயந்திரங்கள் இரண்டு.
ஒன்றுக்குப் பிறந்த அன்றே பத்தொன்பது சென்டிமீட்டர் கால்.
மற்றதற்குப் பதினொன்று.
ஐனார் இரண்டுக்கும் எண்கள் வைத்தார்.
நான் மட்டும் குட்டை என்று கூப்பிடுகிறேன்,
இன்று அது குட்டை இல்லையென்றாலும்.

நெட்டை எழுந்தது, விழுந்தது,
எழுந்தது, தலைகுப்புற விழுந்தது.
நான்காம் நாள் ஒரு தந்திரம் கண்டுபிடித்தது:
நெஞ்சைத் தரையில் போட்டு
முன்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு போவது.
மதிப்பெண் தூரத்துக்குத்தான், அழகுக்கு இல்லை.
அதைவிட நல்லது ஏதும் இருக்கலாம் என்று
அதற்குப் பிறகு அது தேடவேயில்லை.
குளிர்காலம் முழுக்க
தரைவிரிப்பைத் தேய்த்துக்கொண்டே போனது.

குட்டைக்கு விழுவதற்கு உயரமே இல்லை.
விழுந்தாலும் பாதி நடைதான்.
அதனால் எல்லாவற்றையும் செய்து பார்த்தது,
பக்கவாட்டில், பின்பக்கமாக,
ஒருமுறை மூன்று காலில்.
விடிந்தால் கால் அரை மில்லிமீட்டர் நீளம்.
நேற்றுக் கற்றது இன்று கிட்டத்தட்டச் சரி.
அந்தக் கிட்டத்தட்டவைச் சரிசெய்வதிலேயே
ஒரு பகல் போகும்.
இரவில் நான் வந்து மறுபடி கெடுப்பேன்.

எனக்குப் பதின்மூன்று வயதில்
ஒரே கோடையில் ஒன்பது சென்டிமீட்டர்.
செப்டம்பரில் சமநிலைக் கட்டையில் ஏறினேன்.
அதே எண்ணிக்கை, அதே தாவல்,
கால் மட்டும் கட்டையைத் தாண்டிப் போய் இறங்கியது.
தாடையில் ஐந்து தையல்.
எலும்புகள் இரவோடு இரவாக வீடு மாறியிருந்தன;
மூளைக்கு யாரும் புது முகவரி எழுதிப் போடவில்லை.

தாழ்வாரத்தின் மறுமுனையில்
மாரேட்டின் ஆறுகால் இயந்திரம்.
அதை வளர்த்தும் பார்த்தாள், வளர்க்காமலும் பார்த்தாள்.
இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தன.
ஆறு கால் இருந்தால்
குழந்தைப் பருவம் தேவைப்படாது போலிருக்கிறது.
ஐனாருக்கு அந்த வரைபடம் பிடிக்கவில்லை.

ஜனவரியில் ஒரு தவறு. என்னுடையது.
இடது பின்கால் ஆணியின் மரை தேய்ந்திருந்தது.
திருப்பினேன், திரும்பியது, கால் நீளவில்லை.
பதினோரு இரவுகள் கவனிக்கவில்லை.
ஐந்தரை மில்லிமீட்டர் கட்டைக்காலோடு
குட்டை நொண்டக் கற்றுக்கொண்டது, வெகு நேர்த்தியாக.
இடுப்பை ஒரு பக்கம் தூக்கி,
யாரையோ வழியில் விலக்கிக்கொண்டு போவதுபோல.

ஆணியை மாற்றி ஒரே மூச்சில் சரிசெய்தோம்.
இரண்டு நாள் விழுந்துகொண்டே இருந்தது.
அக்டோபரில்கூட அப்படி விழுந்ததில்லை.
"பதினோரு இரவும் குப்பை,
முதலிலிருந்து தொடங்கலாம்" என்றார் ஐனார்.
மூன்றாம் நாள் காலை
கோப்பை கழுவத் தொட்டிக்குப் போனவர்
திரும்பும்போது அது நடந்துகொண்டிருந்தது.
அவர் கையில் கோப்பையிலிருந்து தண்ணீர் சொட்டியது.
பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

நூற்றி அறுபதாவது இரவு மார்ச் ஒன்பது.
ஆணி கடைசி மரையில் முட்டி நின்றது.
இனி நீளக் குழாய் இல்லை.
குட்டை அறையைக் குறுக்கே கடந்து
சுவரருகே திரும்பி வந்தது, முழு உயரத்தில்.
ஆனால் ஏழெட்டு அடிக்கு ஒருமுறை
இடது இடுப்பு லேசாக எழுகிறது,
எப்போதோ குட்டையாயிருந்த ஒரு காலுக்காக.
அறிக்கையில் அதற்கு ஒரு வரி:
'எஞ்சிய அசைவு, காரணம் தெரிந்தது.'

மறுநாள் இரவு எனக்கு வேலை இல்லை.
பாலத்தில் நின்றிருந்தேன்.
கீழே பனிப்பாளத்தின்மேல் யாரோ
மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்,
போகக்கூடாத பருவத்தில்.
பத்தரை ஆகியிருக்க வேண்டும்.
மணி பார்க்கவில்லை.
கோட்டுப் பைக்குள் என் விரல்கள்
அரைச் சுற்று திரும்பின,
நிதானமாக, நான்கு முறை.